போகப் போக ஈஸி

கதை போய்விட்டது. கதைக்குப் பின்னால் வந்த நாலு வரிப் பத்தியும் போய்விட்டது. ஒற்றை வாக்கியம் போயிற்று, வார்த்தைகள் போயின. இப்போது டேப் திரையின் நடுவில் ஒரே ஓர் எழுத்து, பூரி அளவுக்கு, நீல நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. 'ப'. ஜெரூஷா கீழுதட்டைப் பல்லால் இறுக்கிப் பிடித்தபடி தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுடா. பட்டம், பந்து, பல்லி, எதையாவது நினைச்சுக்கோ. சொல்லித் தொலைடா.

"இது என்ன எழுத்து?" என்று டேபுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மறுபடியும் கேட்டது. அவசரமே தெரியாத குரல்.

ஜெர்சன் தலையைச் சாய்த்து எழுத்தைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். பிறகு, விடுகதைக்கு விடை கண்டுபிடித்துவிட்டவனைப் போல, "டா!" என்றான்.

ஓர் அணில் திரையில் குதித்து வந்து கைதட்டியது. அவனுடைய கூடையில் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டு ஓடியது. சரியோ தப்போ அந்த அணில் கைதட்டும். பிள்ளைகளின் மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். அம்மா நேற்று சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். "சரியா படிச்சா அடுத்தது கொஞ்சம் கஷ்டமா வரும். தப்பா படிச்சா ஈஸியா வரும். புள்ள எந்த மட்டத்துல நிக்குதுன்னு அதுவே தேடிக் கண்டுபிடிச்சுரும். நம்ம ஜெர்சன் மேல ஏறிக்கிட்டே போவான் பாரு. எனக்குத் தெரிஞ்சு நாலாங்கிளாஸ் கதை வரைக்கும் போவான்."

அம்மா ரத்தினபாய் ராஜகீழ்ப்பாக்கத்தில் அதே பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு பி பிரிவு டீச்சர். ஜெர்சன் ஏ பிரிவு. வகுப்பில் எல்லாருக்கும் இந்தப் பரீட்சை நடந்த அன்று அவனுக்குக் காய்ச்சல். அதனால் சனிக்கிழமை வீட்டிலேயே முடித்து அனுப்பச் சொல்லி ஹெச்எம் டேபைக் கொடுத்துவிட்டிருந்தார். தானே பக்கத்தில் உட்கார அம்மா சம்மதிக்கவில்லை. "நான் உக்காந்தேன்னா திங்கக்கெழமை ஸ்டாஃப் ரூம்ல என்னைய வறுத்து எடுத்துருவாங்க. நீயே இரு. வாயைத் தொறக்காத, மைக் எல்லாத்தையும் எடுக்கும். பாதியில நிறுத்துனா மறுபடி தொறக்காது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

ஆக ஜெரூஷா வாயைத் திறக்கவில்லை. ஆரம்பத்தில், பஸ்ஸில் போகிற ஒரு பையனைப் பற்றிய கதை வந்தபோது, அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜெர்சன் படத்தைப் பார்த்து, தானாகவே ஒரு கதையை எடுத்து விட்டான். அந்தப் பையன் பேர் ஜோயல், அவன் வண்டலூர் ஜூவுக்குப் போறான், அங்க வெள்ளைப் புலி தூங்கிக்கிட்டு இருந்துச்சு, கல்லெடுத்து அடிச்சா ஃபைன். டேப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு கதையை எடுத்துவிட்டுச் சின்னக் கதை கொடுத்தது. விளையாடுகிறான் என்று அவள் நினைத்தாள். தொடையில் கிள்ளினாள். கண்ணை உருட்டினாள். அவனோ இன்னும் உற்சாகமாகிச் சின்னக் கதைக்கும் ஒரு கதை சொன்னான். வாக்கியம் வந்தபோதுதான் அவள் கிள்ளுவதை நிறுத்தினாள். அதற்குப் படமே இல்லை. வெள்ளைத் திரையில் நாலே வார்த்தை. ஜெர்சன் அதைப் பார்த்தான், எதுவும் எழுதாத சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். வாயை மட்டும் அசைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் முத்தாலம்மாள் வந்துவிட்டாள். கோவளத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் கூடையோடு வருகிறவள். அவள் குரல் மாடியைத் தாண்டி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும்.

"மீனேய்ய்ய்! சங்கரா, நெத்திலி! பாப்பா, அம்மா வூட்ல இல்லியா? நெத்திலி கீது பாரு, இப்பத்தான் கடல்லேர்ந்து வந்துகினு இருக்குது!"

ஜெரூஷா ஜன்னலுக்கு ஓடி இரண்டு கைகளையும் கூப்பி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

"இன்னாத்துக்கு ஊமை பாஷை? தொண்டை கட்டிகிச்சா? நெத்திலி குழம்பு வெச்சிக் குடி, சரியாப் பூடும்!"

ஜெரூஷா திரும்பி வந்தபோது அணில் கைதட்டிக்கொண்டிருந்தது. வாக்கியம் போய், 'மரம்' என்று ஒரு வார்த்தை வந்திருந்தது. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று இறங்கிவிட்டது. அணைத்துவிடலாமா என்று நினைத்தாள், அணைத்தால் திறக்காது. தானே குரலை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், பதினாறு வயசுக் குரலை ஏழு வயசாக்குவது எப்படி? கை மட்டும் திரைப்பக்கம் போய்ப் போய் மடியிலேயே வந்து விழுந்தது.

'ப'வுக்குப் பிறகு இன்னும் சில எழுத்துகள் வந்தன. 'அ'வைச் சொன்னான். 'ம'வைச் சொன்னான். மற்றவை எல்லாம் குருட்டாம்போக்கு. கடைசியில் எழுத்தும் போய், ஒரு மாட்டின் படமும் ஒரு நாயின் படமும் வந்து, "இதில் மாடு எது?" என்று குரல் கேட்டது. ஜெர்சன் மாட்டைத் தட்டினான். திரை முழுக்கப் பலூன் பறந்தது.

"அக்கா, முடிச்சிட்டேன்! கூடை ஃபுல்!" அவன் கட்டிலில் ஏறிக் குதித்தான். "மொதல்ல செம கஷ்டமா குடுத்துச்சுல்ல? போகப் போக ஈஸியாயிடுச்சு. என்னைப் பாத்து பயந்துடுச்சு போல."

'முடிவுகள் அனுப்பப்பட்டன' என்று திரையின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அம்மாவின் போனுக்கு ஒன்று, ஹெச்எம்முக்கு ஒன்று. நிறமாக வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு.

ஜெரூஷா அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஏதாவது ஒரு பாடத்தைப் படி என்றாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்து, ஒரு பாடத்தைத் தங்குதடையில்லாமல் சொன்னான். அவன் டீச்சர் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டான். அவள் படத்தைக் கையால் மூடிக்கொண்டு வேறொரு பக்கத்தைக் காட்டினாள். அதே பாடத்தை மறுபடியும் சொன்னான்.

"டேய், இப்ப 'பட்டம்'னு சொன்னல்ல. அது எங்க இருக்கு?"

"புக்குல."

"புக்குல எந்த எடத்துல?"

"எடமா?" அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "பட்டம் மேல வானத்துல இருக்கும்க்கா."

"அப்ப விரல் எதுக்குடா வெக்கற?"

"மரியாதைக்கு" என்றான். சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல, "அப்பாவும்தான வெக்கறாரு. ஜெபம் பண்றப்ப கண்ண மூடறோம்ல, படிக்கறப்ப விரல் வெக்கணும்" என்றான்.

ஜெரூஷா புத்தகத்தை மூடினாள். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அவர்கள் வீட்டில் காலையில் அப்பா ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அன்றைய வேதபகுதியை முழுசாகச் சத்தமாக வாசிப்பார். இரவு குடும்ப ஜெபத்தில் அதே பகுதியை ஆளுக்கொரு வசனமாக எல்லாரும் முறை வைத்து வாசிப்பார்கள். காலையில் கேட்டதை ராத்திரி திருப்பிச் சொல்கிற காது ஜெர்சனுக்கு. சண்டே ஸ்கூல் மனப்பாட வசனத்தில் மூன்று வருஷமாக அவனுக்குத்தான் டிபன் பாக்ஸ் பரிசு. பள்ளிக்கூடத்திலும் டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே ஒரு வரி சொல்கிறது. சொல்வதை எழுதினால் பத்துக்கு ஆறோ ஏழோ வாங்குவான். பக்கத்தில் கெசியா உட்கார்ந்திருப்பாள், அவள் எழுத்தும் இவன் எழுத்தும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். அம்மாவோ ராத்திரியில் மற்ற நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருப்பாள். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தாளில் இருந்து மற்றவர்களுக்கு ஏதோ கிடைக்கிறது, தனக்கு அது கிடைக்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது.

கூடப் படிக்கிற ஜெயஸ்ரீக்கு மெசேஜ் போட்டாள். 'எங்க தம்பிக்குப் படிக்கத் தெரியலடி.' உடனே பதில் வந்தது. 'எங்க அண்ணனுக்குந்தான் தெரியல. அவன் இன்ஜினியரிங் தேர்ட் இயர். ஃபிசிக்ஸ் முடிச்சிட்டியாடி லூசு?' பக்கத்திலேயே சிரித்து உருளுகிற மூஞ்சிகள். ஜெரூஷா இன்னும் ஏதோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் அவளும் ஒரு சிரிக்கிற மூஞ்சியை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அம்மா வந்தபோது செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஜெர்சனை மாடிப்படியில் ஆடிக்கொண்டிருந்த கீழ்வீட்டு காந்திமதி அக்கா பெண்ணோடு விளையாட அனுப்பிவிட்டு, ஜெரூஷாவை சமையலறைக்கு இழுத்தாள். பதற்றம் வந்தால் மட்டும் அம்மாவுக்கு மார்த்தாண்டம் பேச்சு வந்துவிடும்.

"என்ன மக்களே ஆச்சு? செகப்பு காட்டுது. ஹெச்எம் எனக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. மீட்டிங்ல எல்லாரும் இருக்கப்ப போனைக் காட்டுறாங்க. நீ பக்கத்துல இருந்தியா இல்லையா?"

"இருந்தேம்மா."

"பொறவு?"

சொல்லிவிடலாம். அம்மா டீச்சர். அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். ஆனால் அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஜெரூஷாவின் வாயிலிருந்து வேறொன்று வந்தது. "மீன்காரம்மா வந்தாங்கம்மா. அவன் படிக்கறப்ப. ரொம்பக் கத்துனாங்க."

அம்மாவின் முகம் திறந்துகொண்டது. தண்ணீரில் போனவளுக்குக் கை கொடுத்தால் எப்படிப் பிடிப்பாளோ அப்படிப் பிடித்துக்கொண்டாள். "அதான்! அதான பாத்தேன்! மைக்ல அந்தம்மா குரல்தான் ஏறியிருக்கு. சங்கராவும் நெத்திலியும்னு சொன்னா அது தப்புன்னுதான போடும்?" சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஜெரூஷாவால் எதையும் திருப்பி எடுக்க முடியவில்லை.

அப்பா பல்லாவரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்போடு, அம்மா சொன்னதை எல்லாம் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் கேட்டார். சிவப்பு வந்த பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து தினமும் மத்தியானம் ஞானஜோதி டீச்சரிடம் தனியாக உட்கார வேண்டும். முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும்.

"எம்புள்ளையா? அ, ஆவன்னாக் கும்பல்லயா?" அப்பா குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. "ஒரு மீன்காரி கத்துனதுக்கு எம்புள்ள தண்டனை அனுபவிக்கணுமோ? திங்கக்கெழமை நானே வந்து ஹெச்எம்மைப் பாக்கேன்."

"டெஸ்ட்டைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேக்கலாம்" என்றாள் அம்மா. பிறகு, யாரையும் பார்க்காமல், "இந்தத் தடவை நானே பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்."

"இல்லன்னா ஒண்ணு செய்யலாம். நெசமாவே அவனுக்கு வரலன்னா சொல்லு, நான் உக்கார வெக்கேன். ஒரு ராத்திரி போதும்" என்றார் அப்பா.

ஜெரூஷாவுக்குத் தெரியும், அந்த ராத்திரி. அப்போது அவளுக்கு எட்டு வயசு, ஒன்பதாம் வாய்ப்பாடு வரவில்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்குக் கோவமே இல்லம்மா. நமக்கு நேரம் இருக்கு. வர்றப்ப வரட்டும்" என்றார். அவர் நிஜமாகவே கோபப்படவில்லை. அம்மா சாப்பாட்டை மூடி வைத்தாள், பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பாத்ரூம் போகணும் என்று கேட்க ஜெரூஷாவுக்குப் பயமாக இருந்தது. காலையில் அம்மாதான் நாற்காலியைக் கழுவினாள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ஒன்பதாம் வாய்ப்பாடு இன்றைக்கும் அவளுக்கு வரும்; சொல்லும்போதெல்லாம் தொடைகள் தாமாக இறுகும். வாய்ப்பாடாவது காது வழியாக உள்ளே போகும். எழுத்து அப்படிப் போகாது. ஒரு ராத்திரியில் ஜெர்சன் எதைச் சொல்லி எழுந்திருப்பான்?

ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். அப்பா நாற்காலியில், மற்ற மூவரும் பாயில். "இன்னைக்கு முறை வேண்டாம்" என்றார் அப்பா. "தம்பி படிக்கட்டும். முழுப் பகுதியும்."

ஜெர்சனுக்கு ஒரே குஷி. சண்டே ஸ்கூலில் கொடுத்த தன் சின்ன வேதப் புத்தகத்தை மடியில் விரித்தான். தொண்டையைச் செருமினான். ஆரம்பித்தான்.

ஒரு சொல் பிசகவில்லை. காலையில் அப்பா எங்கே குரலைத் தாழ்த்தினாரோ அங்கே தாழ்த்தினான், எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தினான். வசனம் வசனமாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா தன் புத்தகத்தில் அவனைத் தொடர்ந்துகொண்டே வந்தார், அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகியது. கீழ்வீட்டு டிவி சத்தம் கேட்டது. தாம்பரம் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. ஜெரூஷா தம்பியின் மடியைக் குனிந்து பார்த்தாள். அவன் விரித்து வைத்திருந்தது பொருளடக்கம். வேதாகமப் புத்தகங்களின் பெயர்களும் பக்க எண்களும் இரண்டு பத்தியாக இறங்கிக்கொண்டிருக்க, அவனுடைய விரல் அவற்றின்மேல் இடமிருந்து வலமாக, ஒரே சீராக, அத்தனை மரியாதையோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஆமென்" என்று முடித்தான்.

"பாத்தியா ரத்தினா!" அப்பா தொடையைத் தட்டினார். "பாத்தியா! மிஷினாம் மிஷின்!"

அம்மா ஜெர்சனின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அல்லது பாயின் ஓரத்தைப் பார்த்தாளா? ஜெரூஷா நிச்சயப்படுத்திக்கொள்வதற்குள் அம்மா புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

"என்ன ஒண்ணும் சொல்லாம இருக்க?" என்றார் அப்பா. திரும்பினார். "ஜெரூ, நீதான கூட இருந்த. நீ சொல்லு. அந்த மிஷின்ல இவன் படிச்சானா, இல்லையா?"

ஆமாம் என்றால் திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடம் போவார், அம்மா பக்கத்தில் உட்காருவாள், பச்சை வரும், அப்புறம் யாரும் அவனுக்கு 'ப' சொல்லித் தரமாட்டார்கள். இல்லை என்றால் அப்பா இப்போதே எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். ஜெரூஷா வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பா பொறுமையாகக் காத்திருந்தார், நேரம் இருக்கிறது என்பதுபோல.

ஜெர்சன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா சொல்லப்போகிற பதில் அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது வரவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அம்மா முகத்தைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்துக்கே வந்தான். சிரிப்பு ஓர் ஓரத்தில் கழன்றது. விரல் மட்டும் பக்கத்தை விட்டு எழுந்து, எங்கே இறங்குவதென்று தெரியாமல், எழுத்துகளுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"அக்கா, நான் படிச்சேன்ல?"